மர வரிசைகளுக்கு இடையே உணவுப் பயிர்ச்செய்கை
க.பொ.த. (சா/த) விவசாயம் – சுயகற்றல் குறிப்பு



மட்டக்களப்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1650 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. இலண்டன் நகரில் பெய்வது ஏறத்தாழ 600 மில்லிமீற்றர் மட்டுமே. அப்படியிருக்க நமது மாவட்டம் உலர் வலயம் எனப்படுவது ஏன்? இந்த வினாவுக்குக் காரணத்துடன் விடை கூற முடிந்தவருக்கு இப்பாடத்தின் பாதி விளங்கிவிட்டது எனலாம்.

விடை இதுதான். இலண்டனில் மழை பன்னிரண்டு மாதங்களுக்கும் பரவிப் பெய்கிறது. இங்கோ பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான நான்கு மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. பின்னர் நீண்ட வறட்சி. மே முதல் செப்டெம்பர் வரை மேற்கிலிருந்து வரட்சியான கச்சான் காற்றும் வீசி மண்ணில் எஞ்சிய ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. ஆகவே நமது பிரச்சினை மழையின் அளவு மட்டுமன்று. மழை கிடைக்கும் காலமும், கிடைத்த நீரை மண் பிடித்து வைத்திருக்கும் ஆற்றலும் ஆகும்.

இப்பாடத்தைக் கற்று முடித்ததும் உங்களால்,
- மர வரிசைகளுக்கு இடையே பயிர் செய்தல் என்பதை வரையறுக்கவும்,
- அதற்கேற்ற மரங்களைக் காரணத்துடன் தெரிவு செய்யவும்,
- அதன் நன்மைகளையும் வரையறைகளையும் விளக்கவும்,
- ஒரு காணிக்கு இம்முறை பொருந்துமா எனக் கணித்துக் கூறவும் முடிதல் வேண்டும்.

1. வாவியின் இரு கரைகள்

மட்டக்களப்பு வாவி நமது மாவட்டத்தை இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்கே கடலுக்கும் வாவிக்கும் இடையில் உள்ளது எழுவான்கரை. இங்கு பெரும்பாலும் மணல் மண். நீர் விரைவாகக் கீழிறங்கும். இடும் பசளையும் நீரோடு கரைந்து கீழே சென்றுவிடும். களுதாவளை போன்ற ஊர்களில் கிணற்று நீரைக் கொண்டு மரக்கறி, மிளகாய், வெற்றிலை ஆகியன செய்கை பண்ணப்படுகின்றன.

மேற்கே உள்ளது படுவான்கரை. கொக்கட்டிச்சோலை, வவுணதீவு, வெல்லாவெளி, கரடியனாறு போன்ற இடங்களில் தாழ்நிலங்கள் வயல்களாகவும், நீர் ஏறாத மேட்டுநிலங்கள் மானாவாரிச் செய்கைக்கும் பயன்படுகின்றன. மேட்டுநிலத்தில் மாரி மழையை நம்பிச் சோளன், கச்சான், கௌப்பி, பயறு, எள்ளு, மரவள்ளி ஆகியன பயிரிடப்படுகின்றன. நாம் படிக்கப்போகும் முறை முக்கியமாக இந்த மேட்டுநிலங்களுக்கு உரியது.

2. சேனையில் நடப்பது என்ன?

முன்னைய காலத்தில் காட்டை வெட்டி எரித்து ஓரிரு போகங்கள் பயிர் செய்தபின் அந்நிலத்தை நீண்டகாலம் தரிசாக விட்டனர். அக்காலத்தில் மரங்களும் பற்றைகளும் வளர்ந்து, இலைகள் உதிர்ந்து உக்கி, மண்வளம் மீண்டது. சேனையின் இரகசியம் இந்த ஓய்வுக்காலமே ஆகும்.

இன்று மக்கள்தொகை கூடிவிட்டது. காணி குறைந்துவிட்டது. காடழிப்பும் சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. எனவே ஒரே நிலத்தில் ஆண்டுதோறும் பயிர் செய்ய வேண்டியுள்ளது. ஓய்வு இல்லாத நிலத்தில் சேதனப் பொருள் குறைகிறது. சேதனப் பொருள் குறைந்தால் மண் நீரைப் பிடித்து வைக்காது. முதல் மழை வெற்று நிலத்தில் விழும்போது மேல்மண் அடித்துச் செல்லப்படுகிறது.

இங்குதான் நமது பாடத்தின் மைய வினா எழுகிறது. நிலத்துக்கு ஓய்வு கொடுக்க இயலாவிட்டால், ஓய்வுக்காலத்தில் மரங்கள் செய்த வேலையைப் பயிர் நிற்கும்போதே மரங்களைக் கொண்டு செய்விக்க முடியுமா?

3. வரைவிலக்கணம்

விரைவாக வளரும், பெரும்பாலும் அவரையினத்தைச் சேர்ந்த மரங்களை நெருக்கமான வேலி போன்ற வரிசைகளாக நாட்டி, அவ்வரிசைகளுக்கு இடையே உள்ள அகன்ற பட்டிகளில் உணவுப் பயிர்களைச் செய்கை பண்ணி, மரங்களைக் காலத்துக்குக் காலம் கத்தரித்து அவற்றின் இலை, இளந்தண்டுகளைப் பட்டிகளுக்கு இடும் முறையே மர வரிசைகளுக்கு இடையே பயிர் செய்தல் ஆகும்.

கவனிக்க: வரைவிலக்கணத்தில் நான்கு கூறுகள் உள்ளன. (அ) மர வரிசை, (ஆ) இடையில் உணவுப் பயிர், (இ) கத்தரித்தல், (ஈ) கத்தரித்ததை மண்ணுக்கு இடல். காணியைச் சுற்றி உயிர்வேலி போடுவது இம்முறை அன்று. தென்னந்தோட்டத்தில் ஊடுபயிர் செய்வதும் இம்முறை அன்று. கத்தரித்த இலை பயிருக்குப் பசளையாகத் திரும்புவதே இதன் தனிச்சிறப்பு.

4. சுருக்க வரலாறு

- நைஜீரியாவின் இபாடான் நகரில் உள்ள சர்வதேச அயன மண்டல விவசாய நிறுவகத்தில் 1970களின் பிற்பகுதியில் பி. ரி. காங் என்பவரும் குழுவினரும் இம்முறையை ஆராய்ந்து பரப்பினர். ஆபிரிக்காவின் பெயர்ச்சிப் பயிர்ச்செய்கைக்கு மாற்றுவழி தேடியதே அவர்களது நோக்கமாகும்.
- பிலிப்பைன்சின் மிந்தனாவோ தீவில் 1970களில் ஹரல்ட் வற்சன் என்பவர் சரிவு நிலங்களில் சமவுயரக் கோடுகளின் வழியே மர வரிசைகளை அமைத்து மண்ணரிப்பைத் தடுக்கும் முறையை உருவாக்கினார். அவருக்கு 1985 ஆம் ஆண்டு ரமோன் மக்சைசை விருது வழங்கப்பட்டது.
- இலங்கையில் அநுராதபுர மாவட்டத்தின் மகா இலுப்பள்ளம் ஆராய்ச்சி நிலையத்தில், 1980களில் உலர்வலய மேட்டுநிலத்துக்கான பேண்தகு பயிர்ச்செய்கை ஆய்வுகளின் ஒரு பகுதியாக, கிளிரிசிடியா போன்ற மரங்களின் வரிசைகளுக்கு இடையே பயிர் செய்வது பரிசோதிக்கப்பட்டது.
- 2005 ஆம் ஆண்டு இலங்கை அரசு கிளிரிசிடியாவைத் தேயிலை, இறப்பர், தென்னை ஆகியவற்றுக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்தது. விறகு மூலம் சக்தி பெறுதல், பசளை, தீவனம் ஆகிய பயன்களே இதற்குக் காரணம்.

5. பொருத்தமான மரங்கள்

தெரிவு செய்யும் மரத்துக்கு இருக்க வேண்டிய இயல்புகள்:
1. வளிமண்டல நைதரசனைப் பதித்தல். (வேர்ச் சிறுகணுக்களில் வாழும் றைசோபியம் பற்றீரியாவின் உதவியால்)
2. விரைவாக வளர்தலும், வெட்ட வெட்டத் துளிர்த்தலும்.
3. வேர் ஆழமாகச் செல்லுதல்.
4. இலை விரைவாக உக்குதல்.
5. வறட்சியைத் தாங்குதல்.
6. தீவனம், விறகு போன்ற மேலதிகப் பயன் தருதல்.

கிளிரிசிடியா: மத்திய அமெரிக்காவுக்கு உரியது. நமது ஊர்களில் வேலிகளில் நிற்பதை அனைவரும் கண்டிருப்பீர்கள். சீமைக்கிளுவை என்றும் கூறுவர். தடி நட்டாலே தளிர்க்கும். ஆனால் தடியிலிருந்து வளரும் மரத்தின் வேர் பெரும்பாலும் மேல்மண்ணில் பரவும். விதையிலிருந்து வளரும் மரத்தின் ஆணிவேர் ஆழமாக இறங்கும். உலர்வலயத்தில் பயிரோடு நீருக்குப் போட்டியிடாதிருக்க விதைக் கன்றே சிறந்தது. மாடு, ஆடு ஆகியன வாடிய இலையை உண்ணும். குதிரைக்கும் எலிக்கும் இது நஞ்சு.

இப்பில் இப்பில்: இதுவும் மத்திய அமெரிக்க மரமே. ஆழமான வேரும் சிறந்த தீவன இலையும் உடையது. எனினும் இலையில் மிமோசின் எனும் நச்சுப் பதார்த்தம் உண்டு. ஆகவே தீவனத்தில் சிறு பங்காகவே சேர்க்க வேண்டும். 1980களின் பிற்பகுதியில் ஆசியா முழுவதும் பரவிய ஒரு சாறுறிஞ்சும் பூச்சி இம்மரத்தைப் பெரிதும் தாக்கியது. மேலும் விதை சிந்திக் களையாகப் பரவும். ஒரே இன மரத்தை மட்டும் நம்பலாகாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

6. அமைக்கும் விதம்

(1) வரிசைகளின் இடைவெளி: 4 முதல் 6 மீற்றர். மழை குறைந்த இடங்களில் இதைவிடக் கூட்டலாம்.
(2) வரிசையில் மரங்களின் இடைவெளி: 25 முதல் 50 சென்ரிமீற்றர்.
(3) திசை: சமநிலத்தில் கிழக்கு–மேற்காக. அப்போது பயிர் மீது நிழல் குறைவாக விழும். சரிவு நிலத்தில் திசையைப் பாராது சமவுயரக் கோட்டின் வழியே நாட்ட வேண்டும்.
(4) நடுகைக் காலம்: மாரி மழை தொடங்கியவுடன். பிந்தினால் கன்றின் வேர் இறங்குமுன் வறட்சி வந்துவிடும்.
(5) முதல் வெட்டு: ஏறத்தாழ ஓராண்டின் பின். அதற்குமுன் வெட்டினால் வேர் பலவீனமடையும்.
(6) வெட்டும் உயரம்: நிலத்திலிருந்து 50 முதல் 75 சென்ரிமீற்றர்.

கிழக்கு–மேற்கு வரிசைகள் கச்சான் காற்றைத் தடுக்கா. எனவே காணியின் மேற்கு எல்லையில் மட்டும் ஒரு வரிசையை வெட்டாது உயரமாக வளரவிட்டுக் காற்றுத்தடையாக்கலாம்.

7. ஓர் ஆண்டின் வேலைகள்

செப்டெம்பர் இறுதி – ஒக்டோபர்: வரிசைகளைக் கத்தரித்து இலைகளைப் பட்டிகளில் பரப்புதல். தடித்த கொம்புகளை விறகுக்கு எடுத்தல். முதல் மழையுடன் விதைத்தல்.
நவம்பர் – ஜனவரி: பயிர் நிற்கும் காலம். மரம் துளிர்த்து நிழல் தரத் தொடங்கியதும், ஏறத்தாழ 6 முதல் 8 கிழமைக்கு ஒரு முறை, மீண்டும் கத்தரித்தல்.
பெப்ரவரி – மார்ச்: அறுவடை. பயிர் மீதிகளை எரிக்காது பட்டியிலே விடுதல்.
ஏப்ரல் – செப்டெம்பர்: மரங்களை வளரவிடுதல். நிழலால் களை அடங்கும். தீவனத்துக்கு இலை கிடைக்கும்.

8. நன்மைகளும் காரணங்களும்

பரீட்சையில் நன்மையை மட்டும் எழுதினால் பாதி விடையே ஆகும். காரணத்தையும் சேர்த்து எழுதுக.

- மண்ணுக்கு நைதரசன் சேர்கிறது. ஏனெனில் அவரையின மரம் பதித்த நைதரசன் இலை உக்கும்போது வெளிவருகிறது.
- கீழ்மண்ணின் போசணை மேலே வருகிறது. ஏனெனில் ஆழமான வேர், பயிரின் வேருக்கு எட்டாதவற்றை உறிஞ்சி இலையில் சேர்க்கிறது. மணல் மண்ணில் இது மிக முக்கியம்.
- மண்ணீரம் காக்கப்படுகிறது. ஏனெனில் இலைப்படை வெயிலை மறைத்து ஆவியாதலைக் குறைக்கிறது.
- மண்ணரிப்புக் குறைகிறது. ஏனெனில் இலைப்படை மழைத்துளியின் அடியைத் தாங்க, மர வரிசை ஓடும் நீரின் வேகத்தைத் தணிக்கிறது. படுவான்கரையில் அரிக்கப்படும் மண் இறுதியில் சேருமிடம் குளமும் வாவியும் என்பதை நினைவிற் கொள்க.
- களை குறைகிறது. ஏனெனில் இலைப்படையின் கீழ் ஒளி கிடையாது.
- விறகும் தீவனமும் கிடைக்கின்றன.

இலையை மண்ணோடு புரட்டினால் நைதரசன் கூடுதலாகப் பயிருக்குக் கிடைக்கும். மேற்பரப்பில் பரப்பினால் ஈரம் கூடுதலாகக் காக்கப்படும். எந்தப் பயன் வேண்டுமோ அதற்கேற்ப முறையைத் தெரிவு செய்தல் வேண்டும்.

9. வரையறைகள் – கட்டாயம் படிக்க வேண்டிய பகுதி

மாணவர்கள் பலர் இம்முறையை முழுக்க நன்மையாகவே எழுதுகின்றனர். உண்மை அவ்வாறன்று.

இந்தியாவின் ஹைதராபாத்துக்கு அருகே பட்டன்செருவில் உள்ள, அரை வறள் மண்டலப் பயிர்களுக்கான சர்வதேச ஆராய்ச்சி நிறுவகத்தில் 1980களில் இப்பில் இப்பில் வரிசைகளுக்கு இடையே சோளம், கௌப்பி ஆகியன பயிரிடப்பட்டன. மரத்தின் அருகே நின்ற பயிர்களின் விளைச்சல் வெகுவாகக் குறைந்தது. மரத்துக்கும் பயிருக்கும் இடையே மண்ணில் பொலித்தீன் தடுப்பை இறக்கியபோது அந்தக் குறைவு நீங்கியது. இதிலிருந்து தெரிவது யாது? பயிரைப் பாதித்தது முக்கியமாக நிழல் அன்று. மண்ணுக்குள் நீருக்காக நடந்த வேர்ப்போட்டியே ஆகும்.

ஆகவே நைஜீரியாவின் ஈரமான பகுதியில் நன்றாகப் பயன்பட்ட முறையை வறண்ட நிலத்தில் அப்படியே செய்ய முடியாது. நமக்கு மாரியில் மழை போதியளவு உண்டு. ஆனால் மழை முந்தி நின்றுவிடும் ஆண்டுகளும் உண்டு. எனவே வரிசை இடைவெளியைக் கூட்டல், விதைக் கன்று நாட்டல், காலந்தவறாது கத்தரித்தல், மர ஓரத்தில் ஆழமாகக் கொத்தி மேல் வேர்களை அறுத்தல் ஆகிய நான்கும் அவசியம்.

ஏனைய வரையறைகள்:
- மரங்கள் நிலத்தின் ஒரு பகுதியைப் பிடிக்கின்றன.
- கத்தரிக்கும் வேலை, விதைப்பு வேலை மிகுந்த அதே நாட்களில் வருகிறது. கூலி செலவு கூடும்.
- முதற் பயன் தெரிய 2 – 3 ஆண்டுகள் செல்லும். குத்தகைக் காணியிலோ உறுதியோ அனுமதிப்பத்திரமோ இல்லாத காணியிலோ பயிர் செய்பவர் மரம் நாட்டத் தயங்குவார்.
- வறட்சிக் காலத்தில் கட்டாக்காலி மாடுகள் இளங்கன்றுகளை மேய்ந்துவிடும். முதலாண்டுக்கு வேலி தேவை.
- இலையில் பொசுபரசு குறைவு. எனவே இது எல்லாப் பசளைக்கும் மாற்றீடு ஆகாது.

10. கணிப்பீடு

வினா: 100 மீற்றர் நீளமும் 100 மீற்றர் அகலமும் உள்ள ஒரு ஹெக்டயர் காணியில் 5 மீற்றர் இடைவெளியில் மர வரிசைகள் அமைக்கப்படுகின்றன. வரிசையில் மரங்களின் இடைவெளி 50 சென்ரிமீற்றர். ஒவ்வொரு வரிசையும் 1 மீற்றர் அகல நிலத்தைப் பிடிக்கிறது.

(அ) வரிசைகளின் எண்ணிக்கை = 100 ÷ 5 = 20
(ஆ) மரங்களின் எண்ணிக்கை = 20 × (100 ÷ 0.5) = 20 × 200 = 4000
(இ) மரங்கள் பிடிக்கும் பரப்பு = 20 × 100 × 1 = 2000 சதுர மீற்றர் = காணியின் 20 வீதம்
(ஈ) ஒரு வெட்டில் ஒரு மரம் 1 கிலோகிராம் பச்சை இலை தருவதாகவும், அதில் 25 வீதம் உலர்பொருள் எனவும், உலர்பொருளில் 3 வீதம் நைதரசன் எனவும் கொள்க.
பச்சை இலை = 4000 கி.கி.
உலர்பொருள் = 1000 கி.கி.
நைதரசன் = 30 கி.கி.
(உ) யூரியாவில் 46 வீதம் நைதரசன் உண்டு. எனவே 30 ÷ 0.46 = ஏறத்தாழ 65 கி.கி. யூரியாவுக்குச் சமன்.

இந்த நைதரசன் முழுவதும் அப்போகப் பயிருக்குக் கிடைக்காது. ஒரு பகுதி மண்ணில் தங்கும். ஒரு பகுதி வளியிலும் நீரிலும் இழக்கப்படும்.

(ஊ) இன்னுமொரு கணிப்பு மிக முக்கியமானது. 20 வீத நிலத்தை மரம் பிடித்தால் பயிருக்கு எஞ்சுவது 80 வீதமே. மொத்த விளைச்சல் முன்னையதற்குச் சமனாக இருக்க வேண்டுமாயின் எஞ்சிய நிலத்தின் விளைச்சல் 100 ÷ 80 = 1.25 மடங்காக, அதாவது 25 வீதத்தால், கூட வேண்டும். நல்ல வளமுள்ள நிலத்தில் இது கடினம். வளமிழந்த நிலத்திலேயே இதற்கு வாய்ப்பு அதிகம். எனவே இம்முறை எல்லாக் காணிக்கும் உரியதன்று. களைத்துப்போன மேட்டுநிலத்துக்கே மிகப் பொருந்தும்.

11. அண்மைக்காலப் பாடம்

2021 மே மாதத்தில் இலங்கையில் அசேதனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் மாதம் தடை நீக்கப்பட்டது. ஆயினும் 2022 இல் யூரியா விலை பல மடங்கு உயர்ந்திருந்தது. அக்காலத்தில் சேதனப் பசளைக்கு விவசாயிகள் எங்கும் அலைந்தனர். ஒரு போகத்துக்குத் தேவையான பசுந்தாட்பசளையை ஒரு போகத்துக்குள் உண்டாக்க முடியாது. மரம் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே நாட்டப்பட்டிருக்க வேண்டும். பசளை கிடைக்கும் ஆண்டில் நாட்டிய மரமே பசளை கிடைக்காத ஆண்டில் கைகொடுக்கும்.

12. பயிற்சி வினாக்கள்

பல்தேர்வு
1. கிளிரிசிடியா இலை சிறந்த பசளையாவதற்கு முக்கிய காரணம்
(1) இலை பெரிது (2) நைதரசன் மிகுதி, விரைவில் உக்கும் (3) பொசுபரசு மிகுதி (4) நச்சுத்தன்மை
2. உலர்வலயச் சமநிலத்தில் மர வரிசையைக் கிழக்கு–மேற்காக அமைப்பது
(1) காற்றைத் தடுக்க (2) மண்ணரிப்பைத் தடுக்க (3) நிழலைக் குறைக்க (4) களையைக் குறைக்க
3. வேர்ப்போட்டியைக் குறைக்க உதவாதது
(1) விதைக் கன்று நாட்டல் (2) வரிசை இடைவெளியைக் கூட்டல் (3) காலத்துக்குக் கத்தரித்தல் (4) மரங்களை வெட்டாது விடல்
விடைகள்: 1 – (2), 2 – (3), 3 – (4)

அமைப்புக் கட்டுரை
வெல்லாவெளியில் ஒருவருக்கு இரண்டு ஏக்கர் மேட்டுநிலம் உண்டு. ஆண்டுதோறும் சோளன் பயிரிட்டதால் விளைச்சல் குறைந்துவிட்டது. அவரிடம் நான்கு மாடுகள் உள்ளன.
(அ) விளைச்சல் குறைந்தமைக்கு இரு காரணங்கள் தருக.
(ஆ) மர வரிசை முறையை அவருக்குப் பரிந்துரைப்பீரா? காரணங்கள் கூறுக.
(இ) இலைகளை மாட்டுக்கே கொடுத்துவிட்டால் மண்ணுக்கு நேர்வது யாது? இதற்கு ஒரு தீர்வு கூறுக.

விடைக் குறிப்பு: (அ) சேதனப் பொருள் குறைதல், மேல்மண் அரிக்கப்படல், ஒரே பயிரால் போசணை குறைதல் – ஏதேனும் இரண்டு. (ஆ) நிலம் வளமிழந்தது, தீவனத் தேவை உண்டு, எனவே பொருந்தும். ஆனால் காணி உரிமை, வேலையாள், வேலி ஆகியவற்றையும் ஆராய வேண்டும். முதலில் அரை ஏக்கரில் தொடங்குமாறு கூறலாம். (இ) இலையுடன் போசணையும் வெளியேறும். மண் மேலும் வறுமையடையும். மாட்டெருவைப் பட்டிக்குத் திருப்பி இடுவதும், மாரி வெட்டை மண்ணுக்கும் கோடை வெட்டை மாட்டுக்கும் ஒதுக்குவதும் தீர்வாகும்.

பரீட்சைக் குறிப்பு

"பொருந்துமா?" என்று வினவப்பட்டால் "ஆம்" என்றோ "இல்லை" என்றோ மட்டும் எழுதி நிறுத்த வேண்டாம். மழை, மண், காணி உரிமை, வேலையாள், கால்நடை ஆகிய ஐந்தையும் வரிசையாகப் பார்த்து முடிவை எழுதுக. பாடம் படித்தபின் உங்கள் ஊரில் கிளிரிசிடியா வேலியுள்ள ஒரு காணிக்குச் சென்று, வேலியின் அருகே உள்ள பயிரையும் தள்ளியுள்ள பயிரையும் ஒப்பிட்டுக் குறிப்பெடுங்கள். வீட்டில் மேட்டுநிலம் உள்ளவர்கள், ஒக்டோபர் மழைக்கு முன் விதை சேகரித்துப் பத்துக் கன்றுகளையேனும் பைகளில் வளர்த்துப் பாருங்கள். மேலதிக விளக்கத்துக்கு உங்கள் பிரிவின் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரை நாடலாம்.